சிரிப்புக்கு இலக்காகும் அப்பாமார்

வெம்பிளியின் 42ஆம் இலக்க வீட்டிலிருந்து ஸ்பிரிங்பீல்ட் நகரம் வரை

குடும்பத் தலைவன் என்று நாம் மரபாக அழைத்துவரும் தந்தையை, மேலை நாட்டுத் தொலைக்காட்சி நெடுங்காலமாக ஒரு கோமாளியாகவே காட்டி வருகின்றது. அவர் நினைப்பது நடவாது. நடப்பதை அவர் நினைத்திரார். மனைவி அவரைத் திருத்துவார். பிள்ளைகள் அவரது முதுகுக்குப் பின்னால் நகைப்பர். அரை மணி நேரத்துள் பல தடவைகள் தடுக்கி விழும் அவர், ஈற்றில் எழுந்து மனைவி மக்களை அணைத்துக்கொள்வார். அத்துடன் அன்றைய நிகழ்ச்சி நிறைவெய்தும்.

இத்தகைய அப்பாமாரைப் பார்த்து எமது பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். பக்கத்துக் கதிரையில் இரவு வேலைக்குப் புறப்பட ஆயத்தமாக அமர்ந்திருக்கும் உண்மையான அப்பாவுக்கோ ஓர் ஐயம். இந்தச் சிரிப்பு பெட்டிக்குள் இருக்கும் மனிதனுக்கு மட்டும் உரியதா? அன்றி அதில் தனக்கும் ஒரு பங்கு உண்டா?

இந்த ஐயத்தை அற்பமானதென்று தள்ளிவிட முடியாது. ஊரையும் வீட்டையும் செய்த தொழிலையும் இழந்து அந்நிய மண்ணுக்கு வந்த ஒருவரிடம், பறிபோகாமல் எஞ்சியிருப்பது ‘அப்பா’ என்னும் பதவி ஒன்றே. அதுவும் பகிடிக்குரியதாகிவிட்டால் அவரிடம் மிஞ்சுவது யாது? இக்கேள்வியை மனதிற்கொண்டு, புகழ்பெற்ற இரு தொலைக்காட்சி அப்பாமாரை இங்கு நோக்குவோம். ஒருவர் எமது வெம்பிளியில் வசிப்பவராகக் கற்பனை செய்யப்பட்டவர். மற்றவர் அமெரிக்கக் கார்ட்டூன் தொடரொன்றின் மஞ்சள் நிறத் தந்தை.

வெம்பிளியில் ஒரு வீடு

வெம்பிளி என்றதும் உலகத்தாருக்கு நினைவில் வருவது உதைபந்தாட்ட அரங்கு. எமக்கோ ஈலிங் றோட். சேலைக் கடைகளும் நகைக் கடைகளும், வெண்டிக்காயும் முருங்கைக்காயும் நடைபாதை வரை பரப்பி வைத்திருக்கும் மரக்கறிக் கடைகளும் நிறைந்த தெரு அது. 1972இல் இடி அமீனால் உகண்டாவிலிருந்து விரட்டப்பட்ட ஆசிய மக்கள் பிரித்தானியா வந்தபோது, அவர்களுள் குஜராத்தியர் பலர் இப்பகுதியைத் தமது இருப்பிடமாக்கிக்கொண்டனர். 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் எம்மவர்கள் வந்தனர். அல்பேட்டனில் ஈழபதீஸ்வரர் ஆலயம் எழுந்தது. எனவே நாட்டை இழந்த தந்தையர் வெம்பிளிக்குப் புதியவர்கள் அல்லர்.

இந்த வெம்பிளியிலேயே ஒரு கற்பனை வீட்டை அமைத்து, 2001ஆம் ஆண்டில் பி.பி.சி. ‘குமார்ஸ் அற் நம்பர் 42’ என்ற நகைச்சுவைத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. 2006 வரை ஏழு பருவங்களாக அது நீடித்தது. கதை எளிமையானது. குமார் தம்பதியரின் மகன் சஞ்சீவுக்குத் தொலைக்காட்சிப் பேட்டியாளன் ஆக வேண்டுமென்று ஆசை. திறமை போதாது. ஆயினும் பெற்றோர் தமது வீட்டின் பின்புறத் தோட்டத்தை அழித்து, மகனுக்கென அங்கு ஒரு கலையகத்தையே கட்டிக் கொடுக்கின்றனர். உண்மையான பிரமுகர்கள் அந்த வீட்டுக்கு விருந்தினராக வருவர். அப்பா, அம்மா, அப்பாச்சி மூவரும் மகனுக்குப் பக்கத்திலேயே வரிசையாக அமர்ந்து, பேட்டியை மகனிடமிருந்து பறித்துக்கொள்வர்.

மகனாக நடித்தவர் சஞ்சீவ் பாஸ்கர். அம்மா மாதுரியாக இந்திரா ஜோஷியும், பாட்டியாக மீரா சயாலும் தோன்றினர். அப்போது நாற்பது வயதளவிலேயே இருந்த மீரா சயால் முதுமை வேடமிட்டுப் பாட்டியானார். பின்னர் 2005இல் சஞ்சீவ் பாஸ்கரையே திருமணம் செய்துகொண்டார். எமது கவனத்துக்குரிய அப்பா அஷ்வின் குமாராக நடித்தவர், தென்னாபிரிக்காவில் பிறந்த வின்சன்ற் இப்ராஹிம்.

அஷ்வின் குமாரை அறியாத புலம்பெயர் குடும்பம் இல்லை. பெயர்தான் வீட்டுக்கு வீடு மாறும். எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் விலை யாதென்று அறிய வேண்டும் அவருக்கு. எவரைக் கண்டாலும் அவரது வருமானம் தெரிய வேண்டும். உலகப் புகழ்பெற்ற நடிகர் எதிரே அமர்ந்து தமது கலையைப் பற்றிப் பேச முற்படும்போது, அஷ்வின் அவரது வருவாயைப் பற்றி விசாரிப்பார். இடையே ஒரு கதை சொல்லத் தொடங்குவார். அந்தக் கதைக்கு முடிவும் இராது, பொருளும் இராது. மகன் தலையில் கைவைத்துக்கொள்வான். அவையோர் சிரிப்பர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வந்தேறி நாட்டில் எமது தந்தையர் எந்நேரமும் கேள்விக்குப் பதில் சொல்பவர்களாகவே இருக்கின்றனர். விமான நிலையத்தில், உள்துறை அமைச்சில், வேலைக்கான நேர்முகத்தில், கவுன்சில் அலுவலகத்தில் மேசைக்கு இப்பால் இருப்பவர் இவர். அப்பால் இருந்து வினவுபவர் வேறொருவர். எங்கே பிறந்தாய், எப்படி வந்தாய், எவ்வளவு காலம் இருக்கப் போகின்றாய், கையில் எவ்வளவு பணம் உண்டு என்று ஓயாத கேள்விகள். ஆனால் 42ஆம் இலக்க வீட்டின் சோபாவில் முறைமை தலைகீழாகின்றது. கேள்வி கேட்பவர் அஷ்வின். பதில் சொல்ல நேர்பவர் நாடறிந்த வெள்ளைக்காரப் பிரமுகர். அவரது அதிகாரமும் புகழும் அந்த வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றன. உள்ளே வந்தவர் ஒரு விருந்தாளி மட்டுமே. வீட்டுக்காரர் கேட்டதற்கு விடை கூறியே தீர வேண்டும்.

இந்த வீடு பிற நாடுகளையும் கவர்ந்தது. 2002இலும் 2003இலும் தொடருக்குச் சர்வதேச எம்மி விருது கிட்டியது. 2003இல் குமார் குடும்பத்தினர் பாடகர் கரெத் கேற்ஸுடன் இணைந்து ஒரு தர்ம நிதிக்காகப் பாடிய பாடல், பிரித்தானிய இசைத்தட்டு வரிசையில் முதலிடத்துக்கே வந்தது. அவுஸ்திரேலியாவில் இதே அமைப்பில் ஒரு தொடரை உருவாக்கியபோது அங்கு குடும்பம் கிரேக்கக் குடும்பமாயிற்று. அமெரிக்காவில் முயன்றபோது மெக்சிக்கோ வழிவந்த குடும்பமாயிற்று. நாடு மாறினாலும் வீடு குடியேறியவர் வீடாகவே இருந்தமை கவனிக்கத்தக்கது.

மகனின் கனவுக்காகத் தோட்டத்தை அழிக்கும் அப்பாவைத் தமிழ்த் திரைப்படம் முன்னரே அறியும். 1964இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில், படம் எடுக்கப் பணம் கேட்டு நச்சரிக்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷும், காசே கண்ணான தந்தை விஸ்வநாதனாக ரி. எஸ். பாலையாவும் நடித்த காட்சிகளை யார் மறப்பர்? மகன் பேய்க்கதை சொல்ல, கதிரையின் விளிம்பில் இருந்து நடுங்கும் பாலையாவின் முகத்தைக் கண்டு மூன்று தலைமுறைகள் சிரித்துவிட்டன. அந்தச் சிரிப்பினால் எந்தத் தமிழ்த் தந்தையும் சிறுமை அடைந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. காரணம் தெளிவானது. அந்த அப்பா தமது தோட்டத்தில், தமது மாளிகையில், தமது மொழியில் இருந்தார். சிரித்தவர்களும் அவரது சொந்தச் சனங்களே.

மஞ்சள் நிற அப்பா

இனிக் கார்ட்டூன் அப்பாவிடம் வருவோம். ஹோமர் சிம்சன் என்ற பெயரை அறியாத பிள்ளை இந்நாட்டில் இல்லை. மற் குரோனிங் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர் படைத்த இக்குடும்பம், 1987 ஏப்ரலில் ஒரு நிகழ்ச்சியின் இடையே வரும் சிறு சித்திரமாகத் தொடங்கியது. 1989 டிசம்பரில் தனித் தொடராயிற்று. பிரித்தானியாவில் 1990 முதல் செய்மதித் தொலைக்காட்சி வைத்திருந்தோர் இதைக் கண்டனர். 1996 நவம்பரில் பி.பி.சி. ஒளிபரப்பத் தொடங்கியதும், செய்மதித் தட்டு வாங்க வசதியற்ற எமது வீடுகளுக்குள்ளும் ஹோமர் குடிபுகுந்தார்.

ஹோமர் ஓர் அணுமின் நிலையத்தில் பாதுகாப்புப் பரிசோதகர். உறங்குவதே அவரது பணி என்று தோன்றும். வயிற்றுக்கு அடிமை. கோபம் வந்தால் மகன் பார்ட்டின் கழுத்தை நெரிக்கப் பாய்வார். தவறு செய்ததும் அவர் எழுப்பும் ‘டோ!’ என்ற ஒலி 2001இல் ஒக்ஸ்போர்ட் அகராதியிலேயே ஏறிவிட்டது. 1992இல் அமெரிக்க சனாதிபதி மூத்த ஜோர்ஜ் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்சன்களைப் போலன்றி, பழைய தொடரொன்றில் வரும் வால்ரன் குடும்பத்தைப் போல விளங்க வேண்டும் என்ற கருத்தில் உரையாற்றினார். வால்ரன் கதை 1930களின் பொருளாதார மந்த காலத்தில் நிகழ்வது. சில நாட்களுள் கார்ட்டூன் மகன் பார்ட் விடையளித்தான்: நாங்களும் அவர்களைப் போலத்தான், மந்தம் தீர வேண்டுமென்று பிரார்த்தித்துக்கொண்டிருக்கின்றோம் என்பது அதன் சாரம்.

இத்துணை மூடராகச் சித்திரிக்கப்பட்ட தந்தையை அமெரிக்கப் பிள்ளைகள் வெறுத்தனரா என்றால், இல்லை. ஏன் என்பதற்கு இரு விடைகள் உண்டு.

முதலாவது, அவரை வரைந்தவர் யார் என்பது. மற் குரோனிங் தமது சொந்தத் தந்தையின் பெயரையே இப்பாத்திரத்துக்குச் சூட்டினார். தாயின் பெயரும் சகோதரிகளின் பெயர்களும் கார்ட்டூன் தாய்க்கும் மகள்மாருக்கும் ஆயின. உண்மையான ஹோமர் குரோனிங் மூடரல்லர். அவர் திரைப்படமும் விளம்பரமும் சித்திரமும் வல்ல ஒரு கலைஞர். கனடாவின் சஸ்கச்சுவானில், ஜெர்மானியக் கிளைமொழியொன்றை வீட்டில் பேசிய மெனோனைற் சமயக் குடும்பத்திலிருந்து வந்தவர். அதாவது, உலகமே சிரிக்கும் இந்த அமெரிக்க அப்பாவின் பெயருக்குப் பின்னால், வேற்று மொழி பேசிய குடியேறிகளின் பிள்ளை ஒருவர் நிற்கின்றார். பகிடி பண்ணியவர் அவரது மகன்.

இரண்டாவது விடை 1995 சனவரியில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் உள்ளது. அணுமின் நிலைய வேலையை வெறுத்த ஹோமர், அதை உதறிவிட்டுத் தமக்கு விருப்பமான பந்துருட்டு அரங்கொன்றில் வேலைக்குச் சேர்கின்றார். அது அவருக்குச் சுவர்க்கம். ஆனால் சம்பளம் சொற்பம். மூன்றாவது பிள்ளை பிறக்கப் போகின்றது என்ற செய்தி வருகின்றது. வேறு வழியின்றிப் பழைய முதலாளியிடமே மண்டியிட்டுத் திரும்புகின்றார். நீ என்றென்றும் இங்கேயே என்று நினைவூட்டும் பலகையொன்றை முதலாளி அவர் மேசைக்கு எதிரே மாட்டி வைக்கின்றார். பிறந்த மகளின் நிழற்படங்களை ஹோமர் அந்தப் பலகையில் ஆங்காங்கே ஒட்டுகின்றார். மறைந்த எழுத்துக்கள் போக எஞ்சியவை, ‘அவளுக்காக இதைச் செய்’ என்ற பொருளைத் தருகின்றன.

இதற்கு எமது வாசகர்களுக்கு விளக்கவுரை வேண்டுமா? பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இரவுகளைக் கழித்தவர்கள், ஆசிரியராக இருந்துவிட்டு உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவியவர்கள், தமது பணப்பைக்குள் பிள்ளையின் பாடசாலைப் படத்தை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியவர்கள் எம்மிடையே எத்தனை பேர்! மூடனென்று பிள்ளைகள் சிரித்த அந்த மஞ்சள் மனிதன், அந்த ஒரு காட்சியில் அகதித் தந்தையின் கதையைத்தான் சொல்லியிருக்கின்றான்.

கடைக்கார அப்பு

ஸ்பிரிங்பீல்டில் இன்னொரு தந்தையும் உளர். அவரை மறந்து இக்கட்டுரையை முடிக்கலாகாது. அவர் 1990இல் தொடருள் நுழைந்த இந்தியக் கடைக்காரர் அபு. சத்யஜித் ரேயின் புகழ்பெற்ற மூன்று திரைப்படங்களின் நாயகனது பெயரே அவருக்கு இடப்பட்டது. எமது யாழ்ப்பாண வழக்கில் ‘அப்பு’ என்றால் தந்தை, பாட்டன் என்பதை எண்ணும்போது அப்பெயர் இன்னும் நெருக்கமாக ஒலிக்கின்றது. 1999இல் ஒரே பிரசவத்தில் எட்டுப் பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் ஆக்கப்பட்டார் அவர்.

1996 மே மாதம் ஒளிபரப்பான ஓர் அத்தியாயம் புலம்பெயர்ந்தோர் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டியது. ஊருக்குள் ஒரு கரடி வந்துவிடுகின்றது. கரடியைத் துரத்தப் படை அமைக்கின்றனர். அதற்கு வரி உயர்கின்றது. வரியைக் கண்டு கொதித்த மக்களிடம், எல்லாவற்றுக்கும் காரணம் சட்டவிரோதக் குடியேறிகளே என்று நகரபிதா கையைக் காட்டிவிடுகின்றார். அவர்களை நாடு கடத்துவதற்கான தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகின்றது. முதலில் உரத்து ஆதரிப்பவர் எமது ஹோமர்தான். பின்னர்தான் தெரிகின்றது, தாம் நாள்தோறும் பொருள் வாங்கும் அபுவின் மாணவ விசா எப்போதோ காலாவதியாகிவிட்டதென்பது. கணினித் துறையில் ஆய்வுப் பட்டம் பெற வந்த அபு, போலிப் பத்திரம் வாங்கித் தன்னை மறைத்துக்கொள்ள முயல்கின்றார். தாய் தந்தையரையும் பண்பாட்டையும் மறுதலிக்க மனமின்றி அதை எறிகின்றார். குடியுரிமைப் பரீட்சைக்கு அமர்கின்றார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் காரணம் யாதென்று வினவப்படுகின்றது. அவர் அதன் பல்வேறு காரணிகளை விரிக்கத் தொடங்க, அடிமைமுறை என்று சுருக்கமாகச் சொன்னால் போதும் என்கின்றார் பரீட்சகர். வினவியவரை விட விடையளிப்பவர் அதிகம் அறிந்தவர்! 2005 முதல் பிரித்தானியாவிலும் குடியுரிமைக்குப் பரீட்சை வந்துவிட்டது. அதற்காகப் புத்தகம் படித்தவர்களுக்கு இந்தக் காட்சியின் சுவை தனியே விளங்கும்.

மனம் மாறிய ஹோமர் அபுவுக்காகப் பேசுகின்றார். கேட்டவர்கள் உருகுகின்றனர். ஆயினும் தீர்மானம் 95 வீத வாக்குகளால் நிறைவேறிவிடுகின்றது. அபு பரீட்சையில் தேறியதால் மட்டுமே தப்புகின்றார். 1994இல் கலிபோர்னியாவில் குடியேறிகளுக்கு எதிராக நிறைவேறிய 187ஆம் இலக்கத் தீர்மானத்தை நையாண்டி செய்த கதை அது. அதே 1996இல்தான் பிரித்தானியாவிலும், நாட்டுக்குள் வந்தபின் தஞ்சம் கோரியோரின் உதவிப் பணம் நிறுத்தப்பட்டது என்பதை அக்கால வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கரடிகள் எல்லா நாடுகளிலும் வருகின்றன. துரத்தப்படுவது மட்டும் கரடி அன்று.

இவ்வளவு அனுதாபத்தோடு வரையப்பட்ட அபுவே, வேறொரு வகையில் காயத்தையும் ஏற்படுத்தினார். அவருக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளையின நடிகர். அந்தச் செயற்கையான உச்சரிப்பு, பாடசாலை மைதானங்களில் தெற்காசியப் பிள்ளைகளைக் கேலி செய்யும் ஆயுதமாயிற்று. இந்தியப் பெற்றோருக்கு நியூயோர்க்கில் பிறந்த நகைச்சுவையாளர் ஹரி கொண்டபோலு 2017இல் இது குறித்து ஒரு விவரணப் படம் எடுத்தார். விவாதம் மூண்டது. அபுவுக்கு இனிக் குரல் தரப் போவதில்லை என்று 2020 சனவரியில் அசாரியா அறிவித்தார். வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு வெள்ளையர் குரல் கொடுப்பதை நிறுத்துவதாக அவ்வாண்டு யூன் மாதத்தில் தயாரிப்பாளர்களும் அறிவித்தனர்.

கடை நடத்தும் எமது தந்தையரின் பிள்ளைகளுக்கு இதன் வலி தெரியும். தான் பேசாத ஒரு குரலில் தன் அப்பா பேசுவதாக மற்றவர்கள் நடித்துக் காட்டும்போது, சிரிப்பதா அழுவதா என்று பிள்ளை திகைக்கின்றது. ஹோமரைப் பார்த்து உலகம் சிரித்தபோது ஒரு மகன் தன் தந்தையைப் பார்த்துச் சிரித்தான். அபுவைப் பார்த்து உலகம் சிரித்தபோது, எவரோ ஒருவர் எமது தந்தையைப் பார்த்துச் சிரித்தார். வேறுபாடு இங்குதான் உள்ளது.

தவறுவதற்கு உரிமை

கார்ட்டூன் அப்பாவுக்கு உள்ள மிகப் பெரிய பாக்கியம் ஒன்று உண்டு. அவரது தவறு அடுத்த வாரத்துக்குத் தொடர்வதில்லை. அணு உலை வெடித்தாலும் மறுவாரம் அது முழுமையாக நிற்கும். வேலை பறிபோனாலும் மறுவாரம் அதே கதிரை. வீடு எரிந்தாலும் மறுவாரம் அதே வீடு. எந்தத் தவறுக்காகவும் அவரை நாட்டை விட்டுப் போகுமாறு எவரும் சொல்வதில்லை. ஹோமர் கோமாளியாக இருக்க முடிவது, அவர் காலூன்றி நிற்கும் நிலம் உறுதியாக இருப்பதனால்தான்.

அகதித் தந்தைக்கு அந்த உரிமை கிடையாது. நேர்முக விசாரணையில் கைதான திகதியை ஒரு மாதம் மாற்றிச் சொல்லிவிட்டால், அது முரண்பாடெனக் கோப்பில் ஏறும். கோப்பில் ஏறியது நிராகரிப்புக் கடிதத்தில் வரும். சித்திரவதை பட்டவனுக்கு நாள் கிழமை நினைவிராதென்று வாதிடச் சட்டத்தரணி வேண்டும். சிரிப்பு வரவழைக்கும் ஞாபக மறதி, எமது வாழ்வில் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே தீர்மானிக்கும் குற்றமாகிவிடுகின்றது. ஆகவேதான் எமது அப்பாமார் பலர் இறுகிப் போயினர். சிரிக்க மறந்த மனிதர் என்று பிள்ளைகள் அவர்களைக் குறை கூறுகின்றனர். சிரிப்பதற்கும் வதிவிட உரிமை வேண்டியிருந்தது என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

இதற்கு மேலாக மொழி. வைத்தியரிடமும் வங்கியிலும் பாடசாலையிலும் கவுன்சிலிலும் தந்தைக்காகப் பேசியவர் பத்து வயதுப் பிள்ளை. அப்பா சொன்ன நீண்ட வாக்கியத்தைப் பிள்ளை இரண்டு சொற்களில் முடித்துவிடும். அதிகாரி சொன்ன கடுஞ்சொல்லை அப்பாவின் காதுக்கு எட்டவிடாமல் தானே விழுங்கிக்கொள்ளும். ஒரு சிறுபிள்ளை தன் தந்தையின் இயலாமையைக் கண்ணெதிரே காண்பது எளிய அனுபவமன்று. ஊரில் ஒரு சபையில் எழுந்து நின்றால் கூட்டம் அமைதியாகும் மனிதர், இங்கே ஒரு வரவேற்பு மேசையின் முன் சொல் தேடித் தடுமாறுகின்றார். அன்று மாலை தொலைக்காட்சியில் தடுமாறும் அப்பாவைக் கண்டு பிள்ளை சிரிக்கும்போது, அந்தச் சிரிப்பில் சிறிது விடுதலையும் இருந்தது. தடுமாறுவது என் அப்பா மட்டும் அல்லர் என்ற ஆறுதல் அது. அந்தச் சிரிப்பை அவமதிப்பு என்று மட்டும் கொண்டு பெட்டியை அணைத்த தந்தையர், பிள்ளையின் இந்த ஆறுதலை அறியவில்லை.

எமக்கும் ஒரு மரபுண்டு

தந்தையரையும் பெரியோரையும் பார்த்துச் சிரிப்பது எமது பண்பாட்டுக்கு ஒவ்வாதென்று கூறுவோர், எமது சொந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். இலங்கை வானொலியில் ‘சானா’ சண்முகநாதன் காலத்து ‘லண்டன் கந்தையா’ என்ற நகைச்சுவைத் தொடரை மூத்த நேயர்கள் மறந்திரார். நாம் இலண்டனுக்கு வருமுன்னரே கந்தையா அந்தப் பெயரைச் சூடிவிட்டார்!

கேலிச்சித்திரத் துறையிலோ ‘சிரித்திரன்’ ஆசிரியர் சிவஞானசுந்தரத்தை மிஞ்சியவர் இல்லை. கரவெட்டி தந்த அந்தக் கலைஞர் 1960களில் தொடங்கிய சிரித்திரன், ஈழத்தில் நகைச்சுவைக்கென நிலைத்து நின்ற தனி ஏடு. அவர் வரைந்த சவாரித் தம்பர், கிராமத்துப் பெரியவரின் வீம்பையும் வெகுளித்தனத்தையும் ஒருங்கே தாங்கிய பாத்திரம். ஆங்கில மோகத்தில் தாமோதரன் என்ற பெயரையே ‘டாமோடிரன்’ ஆக்கிக்கொண்ட சீமாட்டி இன்னொரு பாத்திரம். மெயில் வாகனத்தார், மைனர் மச்சான் என்று அந்த வரிசை நீளும். குடாநாட்டில் இச்சித்திரங்களைக் கண்டு சிரித்தவர்கள் யார்? சவாரித் தம்பர்களும் டாமோடிரன்களுமே. தம்மை வரைந்தவர் தம்முள் ஒருவர் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. 1996இல் சிவஞானசுந்தரம் மறைந்தபோது, எம்மை நாமே பார்த்துச் சிரிக்கக் கற்றுத்தந்த ஓர் ஆசானை இழந்தோம்.

குமார் குடும்பத்தின் வெற்றியும் இவ்வழியிலேயே பிறந்தது. தொடரை எழுதியோருள் சஞ்சீவ் பாஸ்கரும் ஒருவர். ஷரத் சர்தானா, ரிச்சர்ட் பின்ரோ ஆகியோர் அவருடன் இணைந்து எழுதினர். இந்தியாவிலிருந்து வந்து மேற்கு இலண்டனில் சலவை நிலையம் நடத்திய பெற்றோரின் மகன் சஞ்சீவ். முன்னதாக 1998இல் பி.பி.சி. தொலைக்காட்சிக்கு வந்த ‘குட்னஸ் கிறேஷஸ் மீ’ நிகழ்ச்சியிலும் அவர் ஒரு தந்தையாக நடித்தார். உலகின் சிறப்புகள் யாவும் இந்தியாவிலிருந்தே வந்தன என்று வாதிடும் தந்தை அவர். பிரித்தானிய இராச குடும்பத்தையே இந்தியக் குடும்பம் என்று நிறுவிவிடுவார். எல்லாவற்றையும் தமிழனே கண்டுபிடித்தான் என்று திருமண வீட்டு மேசையில் முழங்கும் எமது பெரியவர்களை நினைந்தால் அவர் நமக்கு அந்நியராகத் தோன்றார். இழந்தவன் தன் பெருமையைச் சற்று மிகைப்படுத்துவான். அதைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டும். ஏன் மிகைப்படுத்துகின்றான் என்று விளங்கிக்கொள்ளவும் வேண்டும். மகன் எழுதினால் இரண்டும் ஒருங்கே நிகழும். அந்நியன் எழுதினால் முதலாவது மட்டுமே நிகழும்.

இனி யார் வரைவது?

கார்ட்டூன் குடும்பத்துக்கு மூப்பில்லை. பார்ட்டுக்கு இன்றும் பத்து வயது. ஆனால் 1996இல் பத்து வயதில் வெம்பிளியின் சிறு அறையொன்றில் அமர்ந்து அவனோடு சேர்ந்து சிரித்த எமது பிள்ளைகள், இன்று ஹோமரின் வயதைக் கடந்து தாமே தாய் தந்தையராகிவிட்டனர். வீட்டுக் கடன், வேலைப் பளு, சொற்கேளாப் பிள்ளை எல்லாம் அவர்களுக்கும் வந்துவிட்டன. ஒரு காலத்தில் மகனின் கதிரையிலிருந்து பார்த்த அதே தொடரை, இன்று தந்தையின் கதிரையிலிருந்து பார்க்கின்றனர். பலகையில் மகளின் படம் ஒட்டும் காட்சிக்கு அன்று பொறுமையிழந்தவர்கள், இன்று அந்த இடத்தில் மௌனமாகின்றனர்.

அந்த மௌனத்திலிருந்து ஒரு எழுத்து பிறக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். எமது அப்பாமாரின் கதை இதுவரை இரு வகையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒன்று, உள்துறை அமைச்சின் கோப்பில் வினாவும் விடையுமாக. மற்றது, நினைவு மலர்களில் புகழுரையாக. முன்னதில் அவர் சந்தேகத்துக்குரியவர். பின்னதில் குறையற்ற தெய்வம். இரண்டிலும் மனிதரைக் காணோம். கழிவு விலையில் கிடைத்ததென்று ஐந்து குளிரங்கிகளை வாங்கி அடுக்கியவர், அறுபது மைல் தொலைவிலுள்ள உறவினரின் வீட்டுக்குப் போக நான்கு மணி நேரம் முன்னதாக எல்லோரையும் எழுப்பியவர், ஊர்க் காணியின் எல்லை வேலியைப் பற்றிக் கனடாவுக்குத் தொலைபேசியில் சண்டை பிடித்தவர் எங்கே? அவரை வேறு எவரும் எழுதப் போவதில்லை.

எழுதும் பிள்ளைகள் மூன்று காரியங்களை மட்டும் மறவாதிருத்தல் நன்று. அஷ்வின் குமாரைப் போல அவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுங்கள். ஹோமரைப் போல அவர் தவறலாம், அடுத்த வாரம் மன்னிக்கப்படலாம் என்று இடம் விடுங்கள். அபுவுக்கு நேர்ந்தது போல அவரது குரலை மற்றொருவரிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். அது அவருடைய சொந்தத் தமிழிலேயே ஒலிக்கட்டும்.

தந்தையருக்கும் ஒரு சொல். வீட்டுக்குள் பிள்ளை உங்களைப் போல நடந்து காட்டி, உங்களைப் போல இருமிக் காட்டி, உங்களது ஆங்கிலத்தைப் பேசிக் காட்டினால் முகம் சுளிக்க வேண்டாம். உங்களை அவ்வளவு கூர்ந்து கவனித்தவர் இந்த நாட்டில் வேறெவரும் இலர். விசாரணை அதிகாரி பல மணி நேரம் வினவியும் அறியாத உங்களை, அந்தப் பிள்ளை அறிந்து வைத்திருக்கின்றது. சேர்ந்து சிரியுங்கள். பகிடியில் பிழை இருந்தால், அவ்விடத்தில் நான் அப்படி இருமவில்லை என்று திருத்தியும் கொடுங்கள்.